தாவரப் பல்வகைமையும் தாவரவுண்ணிப் பூச்சிகளும்

தாவரவுண்ணிப் பூச்சிகள் என்பன இலை, தண்டு, வேர், விதை, சாறு முதலியவற்றை உண்டு வாழும் பூச்சிகள் ஆகும். நிலநடுக்கோட்டிலிருந்து துருவங்களை நோக்கிச் செல்லச் செல்லத் தாவர இனங்களின் எண்ணிக்கையும் இப்பூச்சி இனங்களின் எண்ணிக்கையும் பொதுவாகக் குறைகின்றன. வெப்பமண்டலக் காடுகளில் பூச்சியினங்கள் மிகுந்திருப்பது அங்கு தாவர இனங்கள் மிகுதி என்பதாலா, அல்லது ஒவ்வொரு பூச்சியும் மிகச் சில தாவரங்களை மட்டுமே உண்பதாலா என்பது சூழலியலில் நெடுங்காலமாக விவாதிக்கப்பட்டுவரும் வினா ஆகும்.

உணவுத் தாவரத் தெரிவு

தாவரங்கள் நச்சு வேதிப்பொருட்கள், பால், முள், தடித்த இலை முதலியவற்றால் தம்மைக் காத்துக்கொள்கின்றன. ஒரு நஞ்சைத் தாங்கும் திறன் பெற்ற பூச்சி, அந்நஞ்சைக் கொண்ட தாவரங்களையே பெரிதும் சார்ந்து வாழ்கிறது. எருக்கின் பாலைத் தாங்கி வளரும் வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சியின் புழு இதற்கு எடுத்துக்காட்டு. தாவரங்களும் பூச்சிகளும் இவ்வாறு ஒன்றையொன்று மாற்றியவாறே பல்கிப் பெருகின என்னும் கருத்தைப் பால் ஏர்லிக், பீட்டர் ரேவன் ஆகியோர் 1964 ஆம் ஆண்டில் முன்வைத்தனர்.

எர்வினின் மதிப்பீடு

அமெரிக்கப் பூச்சியியலாளர் டெரி எர்வின், பனாமாவில் ஒரே இனத்தைச் சேர்ந்த 19 மரங்களின் மீது பூச்சிக்கொல்லிப் புகையைச் செலுத்தி, கீழே விழுந்த வண்டுகளைச் சேகரித்தார். ஏறத்தாழ 1,200 வண்டினங்கள் கிடைத்தன. ஒவ்வொரு மர இனத்துக்கும் உரிய வண்டினங்கள் 163 என்றும், வெப்பமண்டல மர இனங்கள் 50,000 என்றும் கொண்டு, உலகில் வெப்பமண்டலக் கணுக்காலி இனங்கள் மட்டும் 3 கோடி இருக்கலாம் என 1982 இல் கணக்கிட்டார். இவ்வெண் பெரும் புகழ் பெற்றது. ஆயினும் 163 என்பது அளந்து பெறப்பட்டதன்று, கருதிக்கொள்ளப்பட்டது. முழுக் கணக்கும் அந்த ஓர் எண்ணின் மீதே நின்றது.

நியூகினி ஆய்வுகள்

செக் நாட்டு ஆய்வாளர் வோய்த்தேக் நொவோத்னியும் அவருடைய குழுவினரும் பாப்புவா நியூகினியின் தாழ்நில மழைக்காட்டில் அந்த எண்ணைச் சோதித்தனர். பூச்சிகளைப் பிடித்ததோடு நில்லாமல், அவை அந்த இலையை உண்மையில் உண்கின்றனவா என்பதையும் பார்த்தனர். 51 தாவர இனங்களில் ஏறத்தாழ 900 தாவரவுண்ணி இனங்கள் பதிவாயின. அவற்றுட் பெரும்பாலானவை ஒரே இனத்தை அன்றி, ஒரே பேரினத்தைச் சேர்ந்த பல தாவரங்களை உண்டன. இதன்படி கணுக்காலிகளின் மொத்த எண்ணிக்கை 40 முதல் 60 இலட்சம் இனங்களாக இருக்கலாம் என 2002 இல் அறிவித்தனர்.

2006 இல் வெளியான ஆய்வில் இக்காடும் மிதவெப்பமண்டலக் காடான மொராவியாவும் ஒப்பிடப்பட்டன. 100 சதுர மீட்டர் இலைப்பரப்புக்கு மொராவியாவில் சராசரியாக 29 பூச்சியினங்களும், நியூகினியில் 23.5 இனங்களும் காணப்பட்டன. அதாவது, ஒரு மரத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் வெப்பமண்டலத்தில் பூச்சியினங்கள் கூடுதலாக இல்லை. தாவரப் பல்வகைமையோ நியூகினித் தளத்தில் ஏழு மடங்கு மிகுதி. எனவே பூச்சிகளின் மிகுதிக்குத் தாவரங்களின் மிகுதியே நேரடிக் காரணமாக இருக்கலாம் என அவர்கள் கருதினர்.

மாற்றுக் கருத்து

கனடா முதல் பிரேசில் வரையிலான தளங்களில் புழுக்களை வளர்த்து லீ டயரும் பிறரும் 2007 இல் வெளியிட்ட முடிவு இதற்கு முரணானது. வெப்பமண்டலப் புழுக்களின் உணவு வீச்சு குறுகியது என அது கூறியது. எத்தாவரங்களை ஒப்பிடுவது, உணவு வீச்சை இன அளவில் அளப்பதா குடும்ப அளவில் அளப்பதா என்பவற்றைப் பொறுத்து விடை மாறக்கூடும் என்பதால், ஓர் ஆய்வைக் கொண்டு மற்றதை எளிதில் தள்ளிவிட முடியாது.

மலைச்சரிவுகள்

ஆல்ப்சு மலையில் உயரம் கூடக் கூட வண்ணத்துப்பூச்சிப் புழுக்களின் உணவு வீச்சு விரிவடைகிறது. உயரத்தில் உள்ள தாவரங்களின் எதிர்ப்பும் குறைவாக உள்ளது. எல்லா மலைகளிலும் பூச்சியினங்கள் ஒரே சீராகக் குறைவதில்லை. எக்குவடோரின் அந்தீசு மலையில் ஒரு அந்துப்பூச்சிக் குடும்பத்தின் பல்வகைமை, சுமார் 1,000 மீட்டர் முதல் 2,700 மீட்டர் வரை குறையாமலே இருந்தது.

தாவர இழப்பின் விளைவு

அமெரிக்காவின் மினசோட்டாவில் உள்ள சீடார் கிரீக்கில் 1994 முதல், 1 முதல் 16 வரையான புல்வெளித் தாவர இனங்களைக் கொண்ட பாத்திகள் வளர்க்கப்பட்டன. தாவர இனங்கள் குறைந்த பாத்திகளில் பூச்சியினங்கள் குறைந்ததோடு, கொன்றுண்ணிகளின் பங்கு சுருங்கித் தாவரவுண்ணிகளின் பங்கு ஓங்கியது. ஒரு தாவரம் அழியும்போது அதனையே சார்ந்த பூச்சியும் அழிவது இணையழிவு எனப்படும். 2004 இல் வெளியான ஒரு மதிப்பீட்டின்படி, அழியும் நிலையிலிருந்த ஓம்புயிர்களைச் சார்ந்திருந்ததால் இவ்வாறு அழியக்கூடிய பூச்சி, ஒட்டுண்ணி முதலிய சார்பினங்கள் ஏறத்தாழ 6,300 ஆகும்.