செங்கல் ஆன ரவுட்டரும் ஐந்து விநாடியும்

வீட்டு மூலையில் பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டு கிடக்கும் ரவுட்டரை யாரும் கம்ப்யூட்டர் என்று நினைப்பதில்லை. ஆனால் அதற்குள்ளும் ப்ராசஸர் உண்டு, மெமரி உண்டு, ஃபர்ம்வேர் என்ற பெயரில் ஒரு ஆபரேட்டிங் சிஸ்டமும் உண்டு. அந்த ஃபர்ம்வேரை மாற்றும்போது வேலை பாதியில் நின்றுவிட்டால் பெட்டி கிளம்பாது. கரையான்சாவடி பக்கம் செல்போன் ரிப்பேர் கடைகளில் இதை "செட் டெட்" என்பார்கள். ரவுட்டர் பிரியர்கள் "பிரிக்", அதாவது செங்கல் என்பார்கள்.

இந்தச் செங்கல்லுக்கு ஒரு வரலாறு இருக்கிறது.

2002 டிசம்பரில் லிங்க்சிஸ் நிறுவனம் டபிள்யூஆர்டி54ஜி என்ற நீலமும் கறுப்புமான ரவுட்டரை வெளியிட்டது. 2003-ல் சிஸ்கோ சுமார் 50 கோடி டாலர் கொடுத்து லிங்க்சிஸை வாங்கியது. அந்த ஜூன் மாதமே ஆண்ட்ரூ மிக்லஸ் என்பவர், இந்த ரவுட்டருக்குள் ஓடுவது லினக்ஸ் என்று அம்பலப்படுத்தினார். லினக்ஸின் ஜிபிஎல் உரிமம் என்ன சொல்கிறது? இலவசமாக எடுத்துப் பயன்படுத்தலாம். ஆனால் பொருளை விற்றால், வாங்கியவருக்கு மூல நிரலையும் தர வேண்டும். சிஸ்கோ வாங்கிய சொத்தோடு இந்தக் கடனும் சேர்ந்து வந்துவிட்டது! அதே ஆண்டு மூல நிரல் வெளியானது.

அதன் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. அந்த நிரலை வைத்து 2004 ஜனவரியில் ஓபன்டபிள்யூஆர்டி தொடங்கியது. 2005-ல் டிடி-டபிள்யூஆர்டி, 2006-ல் டொமேட்டோ. சில ஆயிரம் ரூபாய் பெட்டி, விலை உயர்ந்த ரவுட்டர்களின் வேலைகளைச் செய்தது. 2005 கடைசியில் வந்த ஐந்தாம் பதிப்பில் லிங்க்சிஸ் லினக்ஸைக் கைவிட்டு, ஃப்ளாஷ் மெமரியை 4 எம்பியிலிருந்து 2 எம்பியாகக் குறைத்தது. லினக்ஸ் கேட்டவர்களுக்கு டபிள்யூஆர்டி54ஜிஎல் என்று தனி மாடல் போட்டது.

சரி, செத்த பெட்டியை எப்படி எழுப்பினார்கள்?

ஃப்ளாஷ் மெமரியில் இரண்டு பகுதிகளைப் பார்க்க வேண்டும். ஒன்று பூட்லோடர், மற்றது ஃபர்ம்வேர். கரண்ட் கொடுத்ததும் முதலில் விழிப்பது பூட்லோடர். ஃபர்ம்வேர் கெட்டுப்போனாலும் அது பிழைத்திருந்தால் நம்பிக்கை உண்டு. "பூட் வெயிட்" என்ற அமைப்பை முன்பே இயக்கி வைத்திருந்தால், அது சுமார் ஐந்து விநாடி காத்திருக்கும். அந்த இடைவெளியில் கம்ப்யூட்டரிலிருந்து கேபிள் வழியே, டிஎஃப்டிபி முறையில், 192.168.1.1 என்ற முகவரிக்கு நல்ல ஃபர்ம்வேரை அனுப்பினால் பெட்டி பிழைத்துக்கொள்ளும். பூட்லோடரே போய்விட்டால் பெட்டியைத் திறந்து, ஜேடேக் ஒயர்களைப் பற்றவைத்து, சிப்பில் நேரடியாக எழுத வேண்டும். அதனால்தான் அனுபவசாலிகள் சொல்வது: மாடலோடு பதிப்பு எண்ணையும் பாருங்கள், வைஃபை வழியாக ஏற்றாதீர்கள், யுபிஎஸ் இல்லாமல் தொடாதீர்கள். சென்னையிலேயே தினம் 2 மணி நேரம் கரண்ட் போன 2012-ஐப் பார்த்தவர்களுக்கு கடைசி வரி நன்றாகவே புரியும்.

இந்தியாவில் பெரும்பாலான வீடுகளுக்கு இந்த விளையாட்டு எட்டவில்லை. 2005-ல் பிஎஸ்என்எல் டேட்டாஒன் வந்தபோது, இணைப்போடு ஒரு மோடமும் வந்தது. ஆள் வந்து மாட்டிவிட்டுப் போனதோடு சரி. பலர் "அட்மின்" என்ற பாஸ்வேர்டைக்கூட மாற்றவில்லை. அதன் விலை 2017 ஜூலையில் தெரிந்தது. பாஸ்வேர்டு மாற்றாத பிஎஸ்என்எல் மோடம்களுக்குள் ஒரு தீய நிரல் புகுந்து அவற்றை முடக்கியது. சாதனங்களை வேண்டுமென்றே செங்கல்லாக்கும் பிரிக்கர்பாட் நிரலை எழுதியவர், இதுவும் தன் வேலைதான் என்றார். பாஸ்வேர்டை மாற்றுங்கள் என்று பிஎஸ்என்எல் வாடிக்கையாளர்களைக் கேட்டுக்கொண்டது.

இரண்டு இடத்திலும் செங்கல்தான். ஆனால் முதல் கூட்டம் தானே உடைத்தது, தானே ஒட்டவும் கற்றது. இரண்டாவது கூட்டத்துக்கு, தன் வீட்டில் இருப்பது பூட்டு போட வேண்டிய கம்ப்யூட்டர் என்றே தெரியாது.

2024 நவம்பரில் ஓபன்டபிள்யூஆர்டி குழு தன் சொந்த ரவுட்டரான "ஓபன்டபிள்யூஆர்டி ஒன்"னை வெளியிட்டது. மீட்பதற்கான நிரலைத் தனி சிப்பில் வைத்திருக்கிறார்கள். முதன்மை நினைவகம் அழிந்தாலும் அங்கிருந்து எழலாம். இருபது வருடம் செங்கல்களோடு மல்லுக்கட்டியவர்கள் கற்ற பாடம் அது. பெட்டியைக் காசு கொடுத்து வாங்கினால் மட்டும் போதாது நண்பர்களே... செத்தால் எழுப்பும் வழியும் நம் கையில் இருந்தால்தான் அது நம் பெட்டி.