பூட்டிய நூலகமும் திறந்த ஏடும்

பல்கலைக்கழகத்தின் உயிர்நிலை நூலகமே என்பர். 2020 மார்ச்சுத் திங்களில் கோவிட் பெருந்தொற்று பரவியபோது உலகின் பல நாடுகளில் அவ்வுயிர்நிலை அடைபட்டது. மாணவர் வீடு திரும்பினர். நூல்கள் அடுக்கில் இருந்தும் எட்டாக் கனியாயின.

இவ்விடரைத் தீர்க்க முன்வந்த அமைப்புகளுள் அமெரிக்காவின் ஹாத்தி டிரஸ்ட் குறிப்பிடத்தக்கது. பல்கலைக்கழக நூலகங்கள் பல இணைந்து 2008இல் இதனை நிறுவின. நினைவாற்றலுக்குப் பேர்பெற்ற யானையைக் குறிக்கும் இந்திச் சொல்லே இதன் பெயராயிற்று. ஒரு கோடியே எழுபது இலட்சத்துக்கும் மேற்பட்ட நூல்களின் மின்படிகள் இதன்பால் இருந்தன. எனினும், அவற்றுள் பதிப்புரிமை நீங்காதவற்றைப் பொதுவாக எவரும் முழுமையாகப் படித்தல் இயலாது.

2020 மார்ச்சு 31ஆம் நாள் அவ்வமைப்பு, மூடப்பட்ட உறுப்பு நூலகங்களுக்கு அவசரகாலச் சேவையொன்றைத் தொடங்கியது. அதன் விதி எளியது. ஒரு நூலின் இரு படிகள் ஒரு நூலகத்தில் இருப்பின், அந்நூலகத்தின் வாசகர் இருவரே ஒரே வேளையில் அதன் மின்படியைப் படிக்கலாம். இரவல் ஒரு மணி நேரம். பிறர் கேட்கவில்லையெனில் நீட்டித்துக்கொள்ளலாம். நூலகம் வழக்கம்போல் இயங்கத் தொடங்கியதும் இச்சலுகை முடிவுறும்.

இவ்விதி உணர்த்திய உண்மை பெரிது. முன்னோர் வாங்கிக் காத்த அச்சுநூலே இடர்க்காலத்தில் மாணவனுக்குப் படிக்கும் உரிமையை ஈட்டித் தந்தது. பழையதென்று ஒரு நூலைக் கழித்துவிட்ட நூலகத்தார்க்கு அதன் மின்படியும் இச்சேவையில் கிட்டவில்லை. பள்ளி நூலக அடுக்கைக் குறைக்க முனையும் ஆசிரியர் இதனை எண்ணிப் பார்த்தல் நன்று.