புட்னம் முகாமில் ஒரு பாண்ட் வாத்தியம்

வரலாற்றைக் கல்லிலே பொறித்து வைப்பது உலகெங்கும் உள்ள வழக்கம். போர் நடந்த இடத்தில் ஒரு தூபி, வீரன் விழுந்த இடத்தில் ஒரு நடுகல், தலைவன் நின்ற இடத்தில் ஒரு சிலை. கல் நெடுங்காலம் நிற்கும். ஆனால் அதில் எழுத இடம் குறைவு. யார் வென்றார், எந்த ஆண்டில் வென்றார் என்பதோடு அதன் பேச்சு முடிந்துவிடும். வென்றவர்கள் ஒரு காலத்தில் பசியோடு கிடந்ததையும், எல்லாவற்றையும் விட்டுவிட்டு வீடு திரும்ப நினைத்ததையும் கல் சொல்வது அருமை. அவ்வாறு கல் சொல்லாது விட்ட ஒரு கதையை, ஊர்ப் பாண்ட் வாத்தியத்தின் ஓசையிலிருந்து பிறந்த ஓர் இசை எவ்வாறு சொன்னது என்பதை இன்று நோக்குவோம்.

அமெரிக்காவின் வடகிழக்கே கனெக்டிகட் என்றொரு சிறிய மாநிலம். அதன் தென்மேற்குப் பகுதியில், குன்றுகளும் காடுகளும் சூழ, ரெடிங் என்னும் சிற்றூர் அமைந்திருக்கிறது. பிரித்தானிய ஆட்சிக்கு எதிராக அமெரிக்கர் நடத்திய விடுதலைப் போரின்போது, 1778ஆம் ஆண்டின் குளிர்காலத்தைக் கழிப்பதற்காக ஜெனரல் இஸ்ரேல் புட்னம் தம் படைப்பிரிவுகளோடு இங்கே வந்து தங்கினார். புட்னம் அப்போது அறுபது வயதானவர், பிறப்பால் விவசாயி. 1775இல் போர் மூண்ட செய்தி கேட்டதும், உழுது கொண்டிருந்த கலப்பையை வயலிலேயே விட்டுவிட்டுக் குதிரையேறியவர் என்று அவரைப் பற்றி ஒரு கதை வழங்குகிறது.

படையினர் காட்டு மரங்களை வெட்டிக் குடிசைகள் அமைத்தனர். ஒவ்வொரு குடிசைக்கும் கல்லடுக்கிப் புகைபோக்கி கட்டினர். குளிருக்கு அடுப்பு இருந்தது. அடுப்பில் ஏற்றுவதற்கு உணவு போதவில்லை. உடுப்பும் போதவில்லை. சம்பளம் ஒழுங்காக வரவில்லை. வந்த காகிதப் பணத்துக்கும் நாளுக்கு நாள் மதிப்புக் குறைந்துகொண்டே போயிற்று. டிசம்பர் மாத இறுதியில் கனெக்டிகட் படையினர் பொறுமை இழந்தனர். அணிவகுத்து ஹாட்போர்ட் நகருக்குச் சென்று, தங்கள் மாநிலச் சட்டசபையிடம் நேரே முறையிடுவதென முடிவு செய்தனர். செய்தி எட்டியதும் புட்னம் குதிரையில் விரைந்து வந்து அவர்கள் முன் நின்று பேசினார். இத்தனை காலம் பட்ட துன்பமெல்லாம் வீணாகிவிடும் என்று எடுத்துரைத்தார். அவர்கள் குடிசைகளுக்குத் திரும்பினர்.

அந்தக் குளிர்காலத்தின் கதை அதோடு முடியவில்லை. 1779 பெப்ரவரியில், எதிரியின் உளவாளி என்று ஒருவனும், படையை விட்டு ஓடியவன் என்று ஒருவனும் ரெடிங்கில் ஒரு குன்றின் மேல் கொல்லப்பட்டனர். முன்னவன் தூக்கிலிடப்பட்டான், பின்னவன் சுடப்பட்டான். அந்தக் குன்றுக்குத் ‘தூக்குமரக் குன்று’ என்ற பெயரே நிலைத்துவிட்டது. இளவேனில் வந்ததும் படை புறப்பட்டது. மரக் குடிசைகள் உக்கி மண்ணாயின. இடிந்து விழுந்த புகைபோக்கிகளின் கற்குவியல்கள் மாத்திரம் வரிசை வரிசையாக எஞ்சின. அவற்றை இன்றும் காணலாம்.

ஒரு நூற்றாண்டு கழித்து, 1887இல், மாநில அரசு அந்த முகாம் நிலத்தை நினைவுப் பூங்காவாக்கியது. அடுத்த ஆண்டில் அங்கே உயர்ந்த கருங்கல் நினைவுத்தூபி ஒன்று எழுந்தது. ஜூலை 4ஆம் திகதி, விடுதலைத் தினத்தன்று, சுற்றுவட்டாரத்து மக்கள் குடும்பம் குடும்பமாக வந்து வனபோசனம் உண்டு, விளையாடி, பாண்ட் வாத்தியம் கேட்டுக் களிக்கும் இடமாக அது மாறியது. பசித்தவர்கள் கிடந்த இடத்தில் விருந்து நடந்தது. அதைக் குறை சொல்ல முடியாது. அந்த விருந்துக்காகத்தானே அவர்கள் பசித்திருந்தார்கள்!

அக்காலத்து அமெரிக்கச் சிற்றூர்களில் பாண்ட் வாத்தியம் பெற்றிருந்த இடத்தை இங்கு சொல்ல வேண்டும். 1861 தொடக்கம் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போரில் படைப்பிரிவுகளோடு வாத்தியக் குழுக்களும் சென்றன. போர் முடிந்து ஊர் திரும்பிய கலைஞர்கள் தங்கள் கோர்னெட்டுகளையும் கொம்புகளையும் முரசுகளையும் கைவிடவில்லை. ஊர்வலம், தேர்தல், திருவிழா, மரண ஊர்வலம் எதுவானாலும் பாண்ட் வாத்தியமே முன்னே சென்றது. பகலில் தச்சராகவும் கடைக்காரராகவும் தொப்பித் தொழிலாளராகவும் இருந்தவர்கள் மாலையில் வாத்தியகாரர்கள் ஆனார்கள்.

ரெடிங்கின் அயலூரான டான்பரி, தொப்பித் தொழிலுக்குப் பெயர் பெற்றது. அங்கே பாண்ட் வாத்தியத் தலைவராக இருந்தவர் ஜோர்ஜ் ஐவ்ஸ். 1845இல் பிறந்த இவர், உள்நாட்டுப் போரில் பதின்ம வயதிலேயே கனெக்டிகட் பீரங்கிப் படைப்பிரிவொன்றின் வாத்தியக் குழுவுக்குத் தலைவரானவர். விசித்திரமான செவி கொண்ட மனிதர். இரண்டு வாத்தியக் குழுக்களை எதிரெதிர்த் திசைகளிலிருந்து வெவ்வேறு பாட்டுகளை வாசித்தபடி நடந்துவரச் செய்து, அவை சந்திக்கும் இடத்தில் ஓசைகள் மோதுவதைக் கேட்டு மகிழ்வாராம். திறந்தவெளித் தொழுகைக் கூட்டங்களில் கல்தச்சர் ஒருவர் சுருதி தவறி உரத்துப் பாடுவதுண்டு. அதை எப்படிச் சகிக்கிறீர்கள் என்று ஒருவர் கேட்டபோது, சத்தத்தைக் கவனித்தால் சங்கீதம் தப்பிவிடும். அந்த மனிதரின் முகத்தைப் பாருங்கள் என்ற பொருள்பட ஜோர்ஜ் ஐவ்ஸ் பதில் சொன்னாராம்.

இந்தத் தந்தையின் மகனே சார்ள்ஸ் ஐவ்ஸ். 1874இல் டான்பரியில் பிறந்தார். சிறுவனாகத் தந்தையின் குழுவில் முரசு கொட்டினார். பதின்மூன்று வயதில் எழுதிய ஒரு சிறு இசை தந்தையின் குழுவினரால் ஊரில் வாசிக்கப்பட்டது. 1894இல் யேல் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த சில வாரங்களிலே தந்தை திடீரென இறந்தார். அந்த இழப்பு மகனின் வாழ்நாள் முழுவதும் தொடர்ந்தது. இசையை நம்பிக் குடும்பம் நடத்த முடியாது என்பதைக் கண்ட சார்ள்ஸ், நியூயோர்க்கில் ஆயுட் காப்புறுதித் தொழிலில் இறங்கிப் பெருவெற்றி கண்டார். இரவுகளிலும் விடுமுறைகளிலும் இசை எழுதினார். 1913இல் ரெடிங்கிலேயே வீடு கட்டிக்கொண்டார்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் அவர் ‘நாட்டுப்புறப் பாண்ட் அணிநடை’ என்ற பொருளில் ஒரு சிறிய இசையை எழுதினார். ஊர்ப் பாண்ட் வாத்தியம் வாசிப்பதை அது அப்படியே படம்பிடிக்கிறது. ஒருவர் முந்துகிறார், ஒருவர் பிந்துகிறார், ஒருவர் சுருதியைத் தவறவிடுகிறார், தெரிந்த பாட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன. கேலி என்றே முதலில் தோன்றும். ஆனால் இன்னொரு படைப்பைப் பிரதி எடுத்தவருக்கு, தவறாகத் தோன்றும் சுரங்கள் யாவும் சரியானவையே, அவற்றைத் திருத்த வேண்டாம் என்று எழுதிவைத்தவர் அவர். கல்தச்சரின் முகத்தைப் பார்க்கச் சொன்ன தந்தையின் மகன் அல்லவா!

இந்த அணிநடையையும், ‘1776’ என்ற தம்முடைய இன்னொரு படைப்பையும் இணைத்தே ஐவ்ஸ் ‘புட்னம் முகாம், ரெடிங், கனெக்டிகட்’ என்ற இசையை உருவாக்கினார். ‘நியூ இங்கிலாந்தில் மூன்று இடங்கள்’ என்ற படைப்பின் நடுப்பகுதி இது. மற்ற இரண்டில் ஒன்று, பொஸ்டன் நகரில் கறுப்பினப் படையினருக்கு எழுப்பப்பட்ட நினைவுச் சின்னத்தைப் பற்றியது. மற்றது ஸ்டொக்பிரிட்ஜ் என்ற சிற்றூரில் ஓடும் ஹூசடோனிக் ஆற்றைப் பற்றியது.

புட்னம் முகாமின் கதையை ஐவ்ஸ் இசைக் குறிப்போடு சேர்த்தே எழுதியிருக்கிறார். விடுதலைத் தினத்தன்று வனபோசனத்துக்கு வந்த ஒரு சிறுவன், மற்றவர்களை விட்டு விலகிக் காட்டுக்குள் போகிறான். பழைய படையினர் எவரையாவது காணலாம் என்ற ஆசை. பாண்ட் வாத்திய ஓசை மெல்ல மெல்லத் தேய, அவன் உறங்கிவிடுகிறான். கனவில் உயர்ந்த பெண்ணொருத்தி நிற்கிறாள். விடுதலைத் தேவியைப் போன்றவள். ஆனால் முகத்தில் துயரம். கொண்ட இலட்சியத்தை மறக்க வேண்டாம் என்று படையினரிடம் மன்றாடுகிறாள். அவர்களோ குழலும் முரசும் ஒலிக்க முகாமை விட்டு வெளியேறுகிறார்கள். அவ்வேளை குன்றின்மேல் புட்னம் தோன்றுகிறார். படையினர் ஆரவாரத்தோடு திரும்புகிறார்கள். சிறுவன் விழித்து, பிள்ளைகளின் பாட்டைக் கேட்டு, நினைவுத்தூபியைக் கடந்து பாண்ட் வாத்தியத்தை நோக்கி ஓடுகிறான்.

இந்தக் கனவை ஐவ்ஸ் வெறும் இனிய ஓசையால் காட்டவில்லை. ஓரிடத்தில் இரண்டு அணிநடைகள் ஒரே நேரத்தில் வெவ்வேறு வேகங்களில் நடக்கின்றன. ஒரு குழு மூன்று அடி வைப்பதற்குள் மற்றது நான்கு அடி வைத்துவிடுகிறது. தந்தையின் இரண்டு வாத்தியக் குழுக்கள் இங்கே வரலாற்றுக்குள் புகுந்துவிடுகின்றன. இந்த இசையில் வரும் ஒரு முக்கியமான மெட்டு ‘பிரித்தானிய கிரெனேடியர்கள்’. எதிரிப் படையின் பாட்டு அது. விடுதலைப் போராளிகள் அதே மெட்டுக்குத் தங்கள் சொற்களை இட்டுப் பாடினார்கள். பகைவனுக்கும் நமக்கும் ஒரே பாட்டு என்ற உண்மையையும் கல் சொல்வதில்லை.

1931 ஜனவரியில் நியூயோர்க்கில் நிக்கலஸ் ஸ்லொனிம்ஸ்கி என்ற நடத்துநர் இந்தப் படைப்பை அரங்கேற்றினார். அதே ஆண்டு பாரிஸ் நகரிலும் நடத்தினார். இரண்டு வேகங்களையும் காட்டுவதற்கு ஒரு கையால் ஒரு தாளத்தையும் மறுகையால் மற்றத் தாளத்தையும் போட்டு அவர் நடத்தியது இசை உலகில் பெரிதும் பேசப்பட்டது. அப்போது ஐவ்ஸ் நோய்வாய்ப்பட்டுத் தொழிலிலிருந்து ஓய்வு பெற்றிருந்தார். 1947இல் அவருடைய மூன்றாவது சிம்பொனிக்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது. 1954இல் காலமானார்.

ஐவ்ஸ் எழுதிய மூலம் நரம்பு வாத்தியங்களையும் கொண்ட இசைக்குழுவுக்கானது. 1970களில் ஜேம்ஸ் சின்கிளெயர் என்பவர் அந்த ‘நாட்டுப்புற அணிநடையை’ முழுமையான பாண்ட் வாத்தியக் குழுவுக்கு ஏற்றவாறு அமைத்துத் தந்தார். பாண்ட் வாத்தியத்திலிருந்து பிறந்த இசை பாண்ட் வாத்தியத்துக்கே திரும்பி வந்தது. அதை இன்று வாசிக்கும் மாணவர் குழுக்கள் ஒரு வேடிக்கையான சிரமத்தை எதிர்கொள்கின்றன. டான்பரித் தொப்பித் தொழிலாளர் எளிதாகச் செய்த தவறுகளை, நல்ல பயிற்சி பெற்ற கலைஞர்கள் பல நாள் ஒத்திகை பார்த்துத்தான் செய்ய வேண்டியிருக்கிறது. ஒருவர் சரியாக வாசித்துவிட்டால் இசை கெட்டுவிடும்!

1969இல் பூங்காவின் வாயிலில் குதிரைமீது அமர்ந்த புட்னத்தின் சிலை ஒன்றும் வைக்கப்பட்டது. ரெடிங்கில் வாழ்ந்த அன்னா ஹயற் ஹன்டிங்டன் என்ற பெண் சிற்பி செய்தது அது. கம்பீரமான சிலைதான். ஆனால் அது புட்னம் ஒருவரின் சிலை. அவர் முன்னால் வெறும் வயிற்றோடு நின்ற நூற்றுக்கணக்கானோருக்கு அங்கே முகமில்லை.

ஐவ்ஸின் இசையிலோ அவர்களுக்கு இடம் கிடைத்தது. வெளியேறிப் போன அடிகளும் திரும்பி வந்த அடிகளும் அதில் கேட்கின்றன. விலகி நடந்தவர்களைத் துரோகிகள் என்று அந்த இசை தூற்றவில்லை. அவர்களுக்கும் ஒரு தாளத்தைக் கொடுத்தது. எனினும் நியாயமாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தூக்குமரக் குன்று அந்தச் சிறுவனின் கனவில் வரவில்லை. சுடப்பட்டவனுக்குத் திரும்பி வருவதற்கு வழி இருக்கவில்லை. கலையும் சிலவற்றை விட்டுவிட்டுத்தான் நடக்கிறது.

காட்டுக்குள் கற்குவியல்கள் இன்னும் வரிசையாகக் கிடக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு குடிசையின் அடுப்பு. ஐவ்ஸின் சிறுவன் தூபியைப் பார்த்துக் கைகூப்பி நிற்கவில்லை. அதைக் கடந்து, சுருதி தவறிய அந்த வாத்தியகாரர்களிடம் ஓடினான். அங்கேதான் அவனுடைய ஊர் மனிதர்கள் இருந்தார்கள்.