கணையச் சத்திரசிகிச்சையும் தையற்பொறியும்

மனித உடலின் உறுப்புக்களுள் சத்திரசிகிச்சையாளரைப் பெரிதும் அஞ்சவைத்தவற்றுள் ஒன்று கணையம். இரைப்பையின் பின்னே மறைந்து கிடக்கும் இவ்வுறுப்பு, ஊசியும் நூலும் எளிதிற் கிழித்துவிடும் மென்மையது. இதிற் சுரக்கும் நீர் உணவைச் சமிக்கச் செய்வது; வெட்டுவாயிற் கசியுமாயின் அயலிலுள்ள குருதிக்குழாய்களையும் அரிக்கவல்லது. 1882ஆம் ஆண்டில் ஜேர்மனியரான பிரீட்ரிக் திரெண்டலன்பேர்க் கணையத்தின் வாற்பகுதியைக் கட்டியோடு அகற்றிய காலந்தொட்டு, எஞ்சிய முனையை எவ்வாறு மூடுவது என்பதே தீராத வினாவாயிற்று.

இவ்வினாவுக்கு விடையெனக் கருதப்பட்ட தையற்பொறி கணையத்துக்கென ஆக்கப்பட்டதன்று. 1908இல் புடாபெஸ்ற் நகரிலே ஹுமேர் ஹூல்ற்ல் என்பார், இரைப்பையை வெட்டும்போது அதனுள்ளிருப்பவை வயிற்றறையிற் சிந்தாது தடுக்க விரும்பினார். விக்ரர் பிஷர் என்னும் கருவியமைப்பாளரின் துணையுடன், உலோகக் கம்பித்துண்டுகளை வரிசையாகப் பதிக்கும் பொறியொன்றை அவர் உருவாக்கினார். ஏறக்குறைய மூன்றரைக் கிலோகிராம் நிறையுடைய அப்பொறியைப் பொருத்தி முடிக்கவே இரண்டு மணி நேரம் சென்றது. 1920களின் தொடக்கத்தில் அலடார் பெற்ஸ் அதனினும் இலகுவானதொன்றை அமைத்தார். 1950களில் சோவியத்து அறிஞர் பலவகைப் பொறிகளைச் செய்தனர். 1958இல் அங்கு சென்ற அமெரிக்கரான மார்க் ரவிச் அவற்றுளொன்றைத் தம் நாட்டுக்குக் கொணர்ந்தார். 1960களில் ஐக்கிய அமெரிக்காவிலும் இவற்றின் உற்பத்தி தொடங்கிற்று.

இரைப்பையிலும் குடலிலும் பயன்றந்த பொறி கணையத்திற்கும் உதவாதோ என்னும் எண்ணம் இயல்பாகவே எழுந்தது. கணையத்தின் வாற்பகுதியை அகற்றுதலை இது எளிதாக்கும் என 1979இல் அமெரிக்க வைத்தியர் சிலர் எழுதினர். சிறு துளைகளினூடாகச் செய்யும் சத்திரசிகிச்சை பரவியபோது இதன் தேவை மேலும் மிகுந்தது. எனினும், எளிமை வேறு, காப்பு வேறு. குடல் உள்ளீடற்ற குழாய். அதன் சுவர்கள் இரண்டும் நெருங்கிப் பொருந்தும். கணையமோ உள்ளே நுண்கால்வாய்கள் ஓடும் திண்ணிய சதை. தடித்தவிடத்துப் பொறியின் அலகுகள் அதனை நசுக்கிப் பிளத்தலுங் கூடும்.

ஐரோப்பாவின் 21 வைத்தியசாலைகள் சேர்ந்து நடத்திய ஆய்வு 2011இல் வெளியாயிற்று. பொறியால் மூடப்பட்ட 177 நோயாளருள் 56 பேருக்கும், கையாற் தைக்கப்பட்ட 175 பேருள் 49 பேருக்கும் கணைய நீர்க்கசிவு அல்லது மரணம் நேர்ந்தது. இவ்வேறுபாடு ஒன்றினை மற்றதனினும் மேலென நிறுவப் போதியதன்று. நூறாண்டு வளர்ந்த பொறியும் பழைய ஊசியும் இவ்வுறுப்பின் முன் சமமாயே நின்றன.

இதனாற் பொறி பயனற்றதென்பது பெறப்படாது. ஓருறுப்பிற் பெற்ற வெற்றியை மற்றோருறுப்பிற்கு ஆராயாது ஏற்றிச் சொல்லலாகாது என்பதே இவ்வரலாறு உணர்த்தும் உண்மை. கருவியின் புதுமையன்று, நோயாளரின் நலனே அதன் பயனை அளக்கும் கோலாகும்.