லிட்டருக்கு 6 பைசா: திருப்பூர்க் கூட்டு முயற்சியில் மூன்றாம் தரப்பு யார்?

அரசு, தொழில்துறை, குடிமைச் சமூகம் ஆகிய மூன்றும் கூடிச் செயல்பட்டால் ஒரு வட்டாரம் எப்படித் தலையெடுக்கும் என்பதற்குத் திருப்பூரைச் சான்று காட்டும் ஆய்வுகள் நிகழ்வுகளை ஏறத்தாழ ஒரே வரிசையில் அடுக்குகின்றன. 1995இல் மாநில அரசின் தொழில் உள்கட்டமைப்பு நிறுவனமும் ஐ.எல். அண்ட் எஃப்.எஸ். நிதி நிறுவனமும் திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் சங்கமும் சேர்ந்து புதிய திருப்பூர் பகுதி மேம்பாட்டுக் கழகத்தைத் தோற்றுவித்தது ஒத்துழைப்பின் தொடக்கம். 2000 பிப்ரவரியில் கையெழுத்தான 30 ஆண்டு நீர் வழங்கல் உரிமை ஒப்பந்தம் அதன் உச்சம். 2006 முதல் 2011 வரை சாயக்கழிவு குறித்து நீதிமன்றங்கள் பிறப்பித்த ஆணைகள் அதன் முறிவு. அதன்பின் வந்த அரசுக் கடனும் புதிய சுத்திகரிப்பு நுட்பமும் அதன் மீட்சி. இந்த வரிசையை ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு. ஏற்றுமதியாளர் சங்கத்தை ஓரிடத்தில் தொழில்துறையாகவும் வேறோரிடத்தில் குடிமைச் சமூகமாகவும் எண்ணினால்தான் இதில் தரப்புகள் மூன்று ஆகும். உண்மையான மூன்றாம் தரப்பு நொய்யல் ஆற்றின் கீழ்மடை விவசாயிகள். அவர்கள் இந்த ஏற்பாட்டுக்குள் வந்தது, முறிவு என்று சொல்லப்படும் அந்த ஆணைகளின் வழியாகத்தான். முறிவு எனப்படுவதே முத்தரப்பு உறவின் தொடக்கம் என்பது என் வாதம். இதற்கு நான் முதன்மைச் சான்றாகக் கொள்வது 2006 டிசம்பர் 22 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அளித்த ஆணையில் உள்ள அபராத விகிதத்தை.

அந்த விகிதத்தின் பொருள் விளங்க, ஒப்பந்தம் எதற்கு விலை வைத்தது, எதை விலையின்றி விட்டது என்று முதலில் பார்க்க வேண்டும். பவானி அருகே காவிரியில் எடுத்த நீரை ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் குழாயில் கொண்டுவந்து, நாளொன்றுக்கு 18.5 கோடி லிட்டர் வரை வழங்கும் திட்டம் அது. செலவு ஆயிரம் கோடி ரூபாயை ஒட்டியது. அதுவரை சுற்றுவட்டாரக் கிணறுகளிலிருந்து லாரித் தண்ணீர் வாங்கித் தொழில் நடத்திய சாயப்பட்டறைகளுக்கும் சலவைப்பட்டறைகளுக்கும் ஆயிரம் லிட்டர் 45 ரூபாய் என்ற விகிதத்தில் நீர் விற்கப்பட்டது. நகராட்சிக்கு அதே அளவு 5 ரூபாய்; வழியோரக் கிராமங்களுக்கு அதனினும் குறைவு. பட்டறைகள் கூடுதலாகக் கட்டுவதால் வீடுகளுக்கு மலிவாகக் கிடைக்கும் என்பதே இதன் நிதி அமைப்பு. இதைச் சமூக நோக்குள்ள விலைமுறை என்று பாராட்டாதவர் குறைவு. ஆனால் இதன் மறுபக்கம் அதிகம் பேசப்படவில்லை: பட்டறைகள் எவ்வளவு நீரை உறிஞ்சுகின்றனவோ அவ்வளவுக்குக் கழகத்துக்கு வருவாய், நகரத்துக்குக் குடிநீர். உள்ளே வரும் ஒவ்வொரு லிட்டருக்கும் ஒப்பந்தத்தில் விலையும் அளவுமானியும் உண்டு. சாயமும் உப்பும் கலந்து வெளியேறும் லிட்டருக்கு இரண்டும் இல்லை. வெளியேற்றம் முழுவதும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் பொறுப்பாகவும், பட்டறைகள் கூடித் தனியே நடத்திய பொது சுத்திகரிப்பு நிலையங்களின் பாடாகவும் விடப்பட்டது. பருத்தித் துணிக்குச் சாயம் ஏற்றக் கொட்டும் உப்பு கரைந்த நிலையிலேயே தங்கிவிடும். அந்நாளைய நிலையங்கள் நிறத்தை ஓரளவு நீக்கினவே தவிர உப்பை நீக்க முடியவில்லை. அது நொய்யல் வழியாக, 1992இல் பாசனத்துக்கென்று கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையில் போய்த் தேங்கியது. அணை நீரைத் திறந்தால் பயிர் கருகும், தேக்கினால் கிணறு கெடும் என்ற நிலையில்தான் நொய்யல் ஆற்று ஆயக்கட்டுதாரர் பாதுகாப்புச் சங்கம் நீதிமன்றம் போனது.

ஆணையின் சர்ச்சைக்குரிய பகுதி இது: 2007 ஜனவரி முதல் மார்ச் வரை வெளியேற்றும் ஒவ்வொரு லிட்டர் கழிவுநீருக்கும் 6 பைசா, ஏப்ரல், மே மாதங்களில் 8 பைசா, ஜூன், ஜூலையில் 10 பைசா; ஜூலை 31க்குள் கழிவே வெளியேறாத நிலையை எட்டாத பட்டறைகள் மூடப்பட வேண்டும். இதை இரு விதமாகப் படித்திருக்கிறார்கள். காசு கட்டினால் மாசுபடுத்தலாம் என்று உரிமம் கொடுத்த ஆணை என்பது ஒரு வாசிப்பு. பேசித் தீர்த்திருக்க வேண்டியதைத் தண்டனையாக மாற்றி ஒத்துழைப்பைக் கெடுத்த ஆணை என்பது மற்றொன்று. இரு தரப்பும் தொகையைப் பார்த்தன. தொகை எந்த அலகின்மீது விதிக்கப்பட்டது என்பதைக் கவனிக்கவில்லை. அதுவரை இருந்த கட்டுப்பாடு அடர்த்தி சார்ந்தது: ஒரு லிட்டரில் கரைந்த உப்பு 2,100 மில்லிகிராமுக்கு மேற்படக் கூடாது என்பது விதி. அடர்த்தி விதிக்கு ஒரு பழைய ஓட்டை உண்டு. நல்ல நீரைக் கலந்தால் அடர்த்தி குறையும், ஆற்றில் சேரும் உப்பின் மொத்த எடை அப்படியே இருக்கும். லிட்டர்க் கணக்கில் விதிக்கும் அபராதத்தின் முன் இந்த வழி செல்லாது. நீரைக் கலக்கக் கலக்கக் கட்ட வேண்டிய தொகைதான் ஏறும்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. ஆயிரம் லிட்டர் 45 ரூபாய் என்றால் லிட்டர் 4.5 பைசா. முதல் மூன்று மாத அபராதமே அதைவிடக் கூடுதல். கடைசிக் கட்டத்தில் இரு மடங்குக்கும் மேல். அதாவது ஒரு லிட்டரை வெளியே விடும் செலவு அதை விலைக்கு வாங்கும் செலவைத் தாண்டியது. திருப்பூரின் நீர்க் கணக்கில் இப்படி நடந்தது முதன்முறை. நீதிமன்றம் இந்த ஒப்பீட்டை மனத்தில் கொண்டே விகிதத்தை வகுத்தது என்று நான் சொல்லவில்லை. என் வாதத்துக்கு அது தேவையும் இல்லை. விளைவைப் பார்த்தால், உள்வரும் நீருக்கு மட்டும் விலை வைத்திருந்த ஓர் ஏற்பாட்டில் வெளியேறும் நீருக்கான பத்தியை இந்த ஆணை சேர்த்தது. அந்தப் பத்திக்கு உரியவர் அரசும் அல்லர், ஏற்றுமதியாளரும் அல்லர், ஆயக்கட்டுதாரர். ஒப்பந்த மேசையில் அவருக்கு நாற்காலி போடப்படாததால் வழக்காடி அந்த இடத்தைப் பெற்றார்.

அபராதம் பலிக்கவில்லையே என்பது இதற்கெதிரான வலுவான மறுப்பு. உண்மைதான். 2007 ஜூலையில் ஆறு தெளிந்துவிடவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் போய், 2009 அக்டோபர் 6 அன்று மூன்று மாத அவகாசத்துடன் திரும்பியது. இறுதியில் 2011 ஜனவரி 28 அன்று உயர் நீதிமன்றம் எழுநூறுக்கு மேற்பட்ட பட்டறைகளையும் பொது சுத்திகரிப்பு நிலையங்களையும் ஒருசேர மூடச் சொன்ன பிறகே நிலைமை அசைந்தது. காரணம் எளிது: ஆர்.ஓ. முறையில் வடித்து, எஞ்சும் உப்புநீரை ஆவியாக்கும் செலவு லிட்டருக்கு 10 பைசாவைத் தாண்டியது. ஆகவே அபராதம் கட்டுவதே மலிவு. எனினும் இதிலிருந்து அபராத விகிதம் வீண் என்ற முடிவு வராது. விகிதம் போதாது என்பதே வரும். எவ்வளவு வெளியேறுகிறது என்பதை நிலையம்தோறும் அளக்க வேண்டிய கட்டாயம் அந்த விகிதத்தோடுதான் வலுத்தது. பின்வந்த ஆணைகள் அனைத்தும் அந்த அளவின்மீதே நின்றன.

சமூகப் பிணைப்பை வைத்து விளக்குவோருக்கும் இங்கே பதில் சொல்ல வேண்டும். கொங்கு வேளாளர் உறவுமுறை, அதில் ஊறிய நம்பிக்கை, கைமாற்றாகப் புழங்கும் முதல் ஆகியவையே திருப்பூரின் கூட்டுச் செயலுக்கு அடித்தளம் என்பது அவர்கள் கூற்று. பட்டறைகள் பெருகிய விதத்தை அது நன்றாகவே விளக்குகிறது. ஆனால் கீழ்மடையில் பயிர் கருகிய விவசாயிகளும் பெரும்பாலும் அதே சமூகத்தார், பலர் கொள்வினை கொடுப்பினை உள்ளவர்கள். உறவே ஒத்துழைப்பைத் தருமானால், நொய்யலின் இரு முனைகளுக்கும் இடையே அது ஏன் பாயவில்லை? சூழல் இழப்பீட்டு ஆணையம் 2004இல் ஏறத்தாழ 28,600 விவசாயிகளுக்குச் சுமார் 25 கோடி ரூபாய் இழப்பீடு கணக்கிட வேண்டி வந்தது. ஒரே சாதிக்குள் நலன்கள் பிளவுபட்டிருந்தபோது, அவற்றைப் பேச வைத்தது வழக்கு.

சாயமேற்றும் வேலை பக்கத்து மாவட்டங்களுக்கு நகர்ந்தது என்றும் இரவில் கள்ளத்தனமாகக் கழிவைத் திறந்துவிடுவோர் இன்றும் உண்டு என்றும் சொல்வார்கள். இரண்டும் மெய். இவை கண்காணிப்பின் குறை. ஆணையின் தருக்கத்தை இவை தொடுவதில்லை. வேலையிழந்த தொழிலாளர்களைப் பற்றிய கவலை கனமானது. ஆனால் அதை எழுப்பியவர்களில் பலர், தொழிலாளர் தரப்பும் ஒப்பந்தத்தில் இல்லை என்பதை அதற்கு முன் ஒருமுறையும் சொன்னதில்லை.

மூடலுக்குப் பின் நடந்தவை இந்த வாசிப்புக்கு வலுச் சேர்க்கின்றன. மாநில அரசு 2011இல் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் அறிவித்தது. அருள்புரம் நிலையத்தில், அடர்ந்த உப்புநீரை ஆவியாக்கித் தொலைக்காமல் மீண்டும் சாயத்தொட்டிக்கே அனுப்பும் முறை சோதிக்கப்பட்டு மற்ற நிலையங்களுக்கும் பரவியது. உப்பும் மிச்சம், எரிபொருளும் மிச்சம். அரசின் பணம், தொழிலின் நுட்பம், விவசாயியின் மறுக்கும் உரிமை ஆகிய மூன்றும் ஒன்றையொன்று கணக்கில் எடுத்தது அப்போதுதான். இதில் நீர்க் கழகம் மாட்டிக்கொண்டது தற்செயல் அன்று. பட்டறைகள் மூடியபோது அதன் விற்பனை சரிந்தது. அவை திறந்தபோதோ நீரின் பெரும்பகுதியை மறுசுழற்சி செய்தன, ஆகவே வாங்கும் அளவு குறைந்தது. மாசு குறையக் குறைய வருவாய் குறையும்படி எழுதப்பட்ட ஓர் ஒப்பந்தத்தை ஒத்துழைப்பின் உச்சம் என்று கூறுவது கடினம். அதன் காலம் முடியும்போது அல்லது திருத்தப்படும்போது, நொய்யல் ஆயக்கட்டுதாரர்களை அதில் கையெழுத்திடும் தரப்பாகச் சேர்க்க வேண்டும். பொது சுத்திகரிப்பு நிலையங்களின் அளவுமானிகள் காட்டும் அன்றாட அளவுகளும் வாரியத்தின் கோப்புகளுக்குள் அடங்கிவிடாமல் அவர்களுக்கு உரிமையாகக் கிடைக்க வேண்டும்.