வேலைவாய்ப்பு அலுவலகத்தின் வரலாறு

சேர்வராயன் மலையிலே, ஏற்காட்டுக்கு அணித்தே, தலைச்சோலை என்றோர் ஊர் உண்டு. மலையாளிப் பழங்குடி மக்கள் வாழும் இம்மலைக்குக் காப்பிச் செடியைக் கொணர்ந்தவர், 1820ஆம் ஆண்டுகளில் சேலம் கலெக்டராயிருந்த காக்பர்ன் துரை என்பர். தோட்டங்கள் பெருகவே ஆட்களும் தேவையாயினர். அந்நாளில் தென்னாட்டுத் தோட்டங்களுக்கு ஆள் சேர்த்தவர்கள் கங்காணிகளும் மேஸ்திரிகளுமே. முன்பணத்தை வாங்கியவன் கடன் தீருமட்டும் அவர்கள் சொல்லுக்குக் கட்டுப்பட்டவன்!

வேலை தேடுவோனையும் வேலை தருவோனையும் கூலியின்றி இணைத்துவைப்பது அரசாங்கத்தின் கடமை என்னும் எண்ணம் இங்கிலாந்தில் 1909இல் சட்டமாயிற்று. அங்கே 1910 பிப்ரவரியில் முதல் அலுவலகங்கள் திறக்கப்பெற்றன. நம் நாட்டிலோ போர்தான் அதனைக் கொணர்ந்தது. இரண்டாம் உலகப்போர் முடிந்து படையிலிருந்து திரும்பிய வீரர்களுக்கு வாழ்வு தேடித்தர, 1945இல் இவ்வமைப்பு தோன்றிற்று. 1948இல் அனைவர்க்கும் கதவு திறந்தது. 1956 நவம்பர் முதல் நாளன்று அன்றாட நிருவாகம் மாநிலங்களின் கைக்கு வந்தது.

காலியிடங்களை அறிவிக்கவேண்டும் என்னும் 1959ஆம் ஆண்டுச் சட்டம் 1960 மே முதல் நடைமுறைக்கு வந்தது. இருபத்தைந்து பேருக்குக் குறையாது வேலைசெய்யும் தனியார் நிறுவனங்களும் அறிவிக்கக் கடமைப்பட்டன. அறிவித்தால் போதும்; அலுவலகம் அனுப்பும் ஆளையே நியமிக்கவேண்டுமென்பதில்லை. இன்னுமொன்று: தனியார் துறையின் வேளாண்மை வேலைகளுக்கு, பொறி இயக்குவோர் நீங்கலாக, இச்சட்டத்தில் விலக்களிக்கப்பட்டது. ஆகவே காப்பிப்பழம் பறிக்கும் தாய்க்கு இந்தச் சட்டத்தால் பயனில்லை. பள்ளியிறுதி தேறிய மகனுக்கே பயன். இவ்விலக்கு நியாயமா என்று நான் பலமுறை எண்ணியதுண்டு.

அந்த மகனுக்கும் பதிவு எளிதாயிருக்கவில்லை. இருபது கொண்டையூசி வளைவுகளைக் கடந்து சேலத்துக்கு இறங்கவேண்டும். பறிப்புக் காலமாயின் ஒருநாள் கூலியும் போயிற்று. ஆயினும் பதிவு நாள் என்பது சாமானியமானதன்று. தமிழ்நாட்டில் ஆசிரியர் நியமனம் நெடுங்காலம் பதிவு மூப்பின்படியே நடந்தது. மூன்றாண்டுக்கொருமுறை புதுப்பிக்க மறந்தவன் மூப்பை இழந்தான். அட்டையைப் பெட்டியின் அடியில் வைத்துப் பூட்டிவிட்டு, அதில் எழுதிய தேதியைப் பாராதவர்களை நான் அறிவேன். நற்சான்றிதழுக்கு நிகராக அதனையும் போற்றியிருக்கலாம்.

2012 முதல் தகுதித் தேர்வு வந்தபின் அம்மூப்பின் வலிமை குன்றிற்று. 1959ஆம் ஆண்டுச் சட்டமும் 2020ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பினுள் சேர்க்கப்பட்டது. ஆனாலும் அலுவலகம் வெறும் பதிவேடாக நின்றுவிடவில்லை. இன்று அது தொழில்நெறி வழிகாட்டும் மையமுமாகும். போட்டித் தேர்வுக்குக் கட்டணமில்லாப் பயிலும் வட்டம் அங்கே நடைபெறுகிறது. தனியார் வேலை முகாம்களும் கூட்டப்படுகின்றன. பதிவையும் புதுப்பித்தலையும் இணையத்திலேயே முடித்துக்கொள்ளலாம். தலைச்சோலை மாணவன் இப்பொழுது அதற்காக மலையிறங்க வேண்டியதில்லை. புதுப்பிக்கவேண்டிய மாதத்தை மட்டும் சுவரிலுள்ள நாட்காட்டியில் குறித்துவைத்துக்கொள்ளட்டும்.