அமெரிக்கத் தரைப்படையின் இயன்முறை மருத்துவர்

காயம்பட்ட வீரரின் தசைக்கும் மூட்டுக்கும் பழைய இயக்கத்தை மீட்டுத்தரும் படை அதிகாரியே இயன்முறை மருத்துவர். பேச்சு வழக்கில் பிசியோதெரபிஸ்ட் என்போம். அமெரிக்கத் தரைப்படையில் இந்தப் பணியைத் தொடங்கிவைத்தவர்கள் படைப் பதவி எதுவும் இல்லாத பெண்கள்.

1917இல் அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியது. கை கால் முடங்கித் திரும்பும் வீரர்களைத் தேற்ற, உடற்பயிற்சியும் நீவலும் அறிந்த பெண்களைப் படை சேர்த்துக்கொண்டது. 'ரீகன்ஸ்ட்ரக்‌ஷன் எய்ட்' என்பது அவர்களுக்கு இட்ட பெயர். இங்கிலாந்தில் பயிற்சி பெற்ற மேரி மெக்மில்லன் 1918இல் அவர்களுள் முதல்வராகச் சேர்ந்தார். பின்னர் ஓரிகன் மாநிலத்து ரீட் கல்லூரியில் பலருக்குப் பயிற்சி தந்தார். 1921இல் இத்துறையினர் சங்கம் அமைத்தபோது அதன் முதல் தலைவரும் அவரே. 1941 டிசம்பரில் ஜப்பானுடன் போர் மூண்ட வேளையில் பிலிப்பைன்ஸின் மணிலாவில் இருந்தார். அங்கிருந்த படை மருத்துவமனையில் தாமாகவே சென்று பணியாற்றினார். பிறகு ஜப்பானியர் அவரைச் சாந்தோ தொமாஸ் தடுப்பு முகாமில் அடைத்தனர். அப்போது அவருக்கு வயது அறுபதைத் தாண்டியிருந்தது.

ரீட் கல்லூரியில் படித்த எம்மா வோகல், வால்டர் ரீட் படை மருத்துவமனையில் 1922இல் படைக்கென்றே ஒரு பயிற்சி வகுப்பை நடத்தத் தொடங்கினார். இரண்டாம் உலகப் போரின் நடுவில், 1944இல்தான் இயன்முறை மருத்துவர்களுக்கு முழு அதிகாரி நிலை கிடைத்தது. 1947இல் மகளிர் மருத்துவ வல்லுநர் பிரிவு உருவானது. கர்னலாக அதற்குத் தலைமை ஏற்றவர் வோகல். 1955இல் ஆண்களுக்கும் கதவு திறந்தது.

பணியின் தன்மையையே மாற்றியது வியட்நாம் போர்க்காலம்தான். எலும்பு மருத்துவர்கள் போதாமல் போகவே, 1970களின் தொடக்கத்தில் முதுகுவலி, மூட்டுவலி என்று வரும் வீரர்களை முதலில் பார்க்கும் பொறுப்பு இயன்முறை மருத்துவரிடம் வந்தது. அதுவரை மருத்துவர் சீட்டு எழுதினால்தான் இவர்கள் நோயாளியைத் தொட முடியும். கணுக்கால் பிசகி ஒரு வீரர் நொண்டி வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். கணுக்கால் முட்டியின் பின்விளிம்பை விரலால் அழுத்திப் பார்க்கிறார் இயன்முறை மருத்துவர். நான்கு அடி வைக்கச் சொல்கிறார். எலும்பிலேயே வலித்தாலோ காலூன்ற முடியாவிட்டாலோ எக்ஸ்ரே எடுக்கச் சொல்கிறார். எலும்பு நலமென்றால் அன்றே பயிற்சி தொடங்குகிறது. ஓட்டத்துக்கும் சுமைக்கும் எத்தனை நாள் விலக்கு என்பதையும் அவரே எழுதித் தருகிறார். பொதுமக்கள் மருத்துவத்தில் இத்தகைய சுதந்திரம் பரவ வெகுகாலம் ஆனது. படை இதில் முன்னே சென்றது தேவை நெருக்கியதால்தான்; ஆனாலும் அது சரியான முடிவு.

இப்பணிக்கு வர விரும்பும் பட்டதாரிகளுக்கு முக்கிய வாயில், டெக்சஸ் மாநிலம் சான் அன்டோனியோவில் பேய்லர் பல்கலைக்கழகத்துடன் இணைந்து படை நடத்தும் முனைவர் நிலைப் படிப்பு. அதிகாரியாகச் சேர்ந்து சம்பளத்துடன் படிக்கலாம். முடித்தபின் சில ஆண்டுகள் படையில் பணியாற்றுவது கட்டாயம். உரிமத் தேர்விலும் தேற வேண்டும். மருத்துவமனையில் தொடங்குபவர் பின்னர் படையணியோடு களத்துக்குச் செல்லலாம், ஆய்வு செய்யலாம், கற்பிக்கலாம்; கர்னலாகவும் உயரலாம்.

முதல் உலகப் போரில் உழைத்த அந்தப் பெண்களை முன்னாள் படையினராக அமெரிக்க அரசு ஏற்றுக்கொண்டது 1981இல். 1918இல் இருபத்தைந்து வயதில் பணிக்கு வந்தவருக்கு அப்போது எண்பத்தெட்டு வயது.